ஆற்றுவாய் வெட்டுவது யாருடைய நன்மைக்கு? மீனவர் சங்கச் செயலாளர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: நான் மட்டக்களப்பு வாவியில் தொழில் செய்யும் மீனவர் சங்கமொன்றின் செயலாளர், கல்லாற்றுப் பக்கம். மாரி தொடங்கினால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் தாழுது, ஆற்றுவாயை மூடிக் கிடக்கும் மண்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுங்கள் என்று விவசாயிகள் கேட்பார்கள். அவசரப்பட்டு வெட்டினால் வாவித் தண்ணீர் ஒரேயடியாக இறங்கி இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்பது எங்கள் பக்கம். போன கூட்டத்தில், உயர்தரத்தில் அளவையியல் படித்த ஒரு தம்பி எழும்பி, "மிகப் பெரும்பாலானோரின் மிகப் பெரிய நன்மை எதுவோ அதுதான் சரி. பெந்தம் சொன்ன பயன்பாட்டுவாதம் இது. வயல்காரர் ஆயிரக்கணக்கில், நீங்கள் அறுபது குடும்பம்" என்றார். எங்கள் ஆட்கள் வாயடைத்துப் போனார்கள். என் மச்சானுக்கே வெல்லாவெளியில் வயல் இருக்கிறது. வயல் அழியட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தம்பி சொன்னது சரிதானா? அடுத்த கூட்டத்தில் நான் என்ன சொல்ல?

பதில்: அந்தத் தம்பி சொன்னதில் பாதிதான் பெந்தமுடையது. மற்றப் பாதியைப் பெந்தமே தன் கடைசிக் காலத்தில் கைவிட்டுவிட்டார்.

ஜெரமி பெந்தம் (1748–1832) சட்டம் படித்த இங்கிலாந்துக்காரர். ஒரு செயல் சரியா பிழையா என்பதை அதனால் விளையும் இன்பமும் துன்பமும்தான் தீர்மானிக்கும் என்றார். அந்தச் செயல் தொடுகிற எல்லோருடைய இன்பத்தையும் கூட்டு, துன்பத்தைக் கழி, எதைச் செய்தால் மிச்சம் கூடுதலாக வருமோ அதைச் செய். பயன்பாட்டுவாதத்தின் அத்திவாரம் இவ்வளவுதான். "மிகப் பெரும்பாலானோரின் மிகப் பெரிய இன்பம்" என்ற வாசகம் 1776இல் அவர் வெளியிட்ட நூலில் இருக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1725இல், பிரான்சிஸ் ஹட்சிசன் என்ற தத்துவாசிரியர் கிட்டத்தட்ட அதையே எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கும் வாசகம். ஆனால் "பெரும்பாலானோர்" என்பதும் "மிகப் பெரிய இன்பம்" என்பதும் எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை. பெந்தம் பிற்காலத்தில் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். ஒரு சமூகத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் மற்றப் பக்கத்தைவிட ஒரே ஒருவரை மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கூடியவர்கள் குறைந்தவர்களை அடிமைகளாக்கிக்கொண்டால் பெரும்பாலானோருக்கு நன்மைதானே? ஆனால் மொத்தக் கணக்கில் அங்கே துன்பம்தான் மிஞ்சும். ஆகவே எண்ணிக்கையைக் கழற்றிவிட்டு, மிகப் பெரிய இன்பம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஆயிரம் பேருக்கு எதிரே அறுபது குடும்பம் என்று சொல்வது வாக்கெடுப்புக்குப் பொருந்தும். பயன்பாட்டுவாதி கேட்பது வேறு: ஒவ்வொருவருக்கும் வருவது எவ்வளவு, போவது எவ்வளவு? அதில் எவருடைய நலனும் ஒன்றுக்கு மேல் எண்ணப்படாது, பெரிய உத்தியோகத்தரின் வயல் என்றாலும்.

இதோடு நீங்கள் வென்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒழுங்காகக் கணக்குப் போட்டாலும் வெட்டு என்றே விடை வரக்கூடும்.

இன்ப துன்பத்தை அளக்கப் பெந்தம் ஏழு அளவுகளைச் சொன்னார். எவ்வளவு கடுமை, எவ்வளவு காலம், எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சீக்கிரம், அதிலிருந்து மேலும் இன்பம் விளையுமா, துன்பம் கலந்ததா, எத்தனை பேரைத் தொடும் என்பவை அவை. இலக்கம் போட்டு இதையெல்லாம் கூட்டிவிடலாம் என்று அவர் நம்பியது கொஞ்சம் அதிகப்படி. ஆனால் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியலாக இதைவிட நல்லதை நான் காணவில்லை. முக்கியமாக மூன்றாவது. வயல் அழியும் என்பது எவ்வளவு நிச்சயம்? முளைத்து இரண்டு கிழமையான பயிர் முழுதாகத் தாழ்வதும், வளர்ந்த பயிரின் அடியில் தண்ணீர் நிற்பதும் ஒன்றல்ல. எந்த வட்டையில், அதாவது எந்த வயல்வெளியில், எத்தனை ஏக்கர், பயிருக்கு எத்தனை நாள் வயது, தண்ணீர் எத்தனை நாளாக நிற்கிறது என்று வட்டையை மேற்பார்க்கும் வட்டவிதானைமாரால் சொல்ல முடியும். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்கள் திறக்கப்படப் போகின்றனவா, மழை தொடருமா என்பதை நீர்ப்பாசனத் திணைக்களமும் வானிலைக்காரரும் சொல்வார்கள். அதைக் கேட்காமல் "வயல் போச்சு" என்று மட்டும் சொன்னால், கணக்கில் அந்த வரி இன்னும் நிரப்பப்படவில்லை.

இதே கேள்வி உங்கள் பக்கமும் வரும். ஆற்றுவாய் திறப்பதே நட்டம் என்று சொன்னால் உங்களை இலேசாக மடக்கிவிடுவார்கள். வாவியில் பிடிபடும் இறால் வகைகள் பல முட்டையிடுவது கடலில்தான். குஞ்சுகள் ஆற்றுவாயால்தான் உள்ளே வருகின்றன. மண்திட்டு வருடம் முழுக்க மூடியே கிடந்தால் நாளைக்கு உங்கள் வலையும் வெறுமையாகும். ஆகவே உங்கள் முறைப்பாடு வெட்டும் காலத்தையும், வெட்டும் அகலத்தையும், தண்ணீர் இறங்கும் வேகத்தையும் பற்றியதாக இருக்கட்டும். முந்திய மாரிகளில் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை கிலோ இறால் நிறுக்கப்பட்டது என்று உங்கள் சங்கத்தில் பதிவு இருந்தால் அதுதான் உங்கள் ஆயுதம். இல்லையென்றால் இந்த மாரியிலிருந்து ஒரு கொப்பி தொடங்குங்கள்.

கடைசி அளவான "எத்தனை பேரை" என்பதிலும் இரு தரப்பும் ஆட்களை மறந்துவிடுகின்றன. கரையில் மீன் வாங்கி சைக்கிளில் கொண்டு திரியும் யாபாரி, கருவாடு போடும் பெண்கள், வயலில் கூலிக்கு நிற்பவர், நெல் ஆலைக்காரர் எல்லோரும் இந்தக் கணக்கில் உண்டு. வாவிக்கரையில் தாழ்வான வளவுகளில் குடியிருப்பவர்களும் உண்டு. வீட்டுக்குள் தண்ணீர் வந்து, கிணறும் மலசலகூடமும் ஒன்றாகக் கலக்கத் தொடங்கிவிட்டால் இறாலையும் நெல்லையும் தராசில் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அந்த நேரத்தில் மறுத்துப் பேசாதீர்கள்.

அடுத்தது பணக் கணக்கு. இங்கேதான் உங்களைப் போன்றவர்கள் வழக்கமாகத் தோற்கிறார்கள். அழியும் நெல்லின் பெறுமதி இவ்வளவு கோடி, போகும் இறாலின் பெறுமதி இவ்வளவு இலட்சம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுவார்கள். பெந்தமே இதை ஒத்துக்கொள்ளமாட்டார். செல்வம் கூடக் கூட, அடுத்து வருகிற ஒவ்வொரு ரூபாவும் தருகிற இன்பம் குறைகிறது என்று எழுதியவர் அவர். பேச்சுக்கு ஐம்பதாயிரம் ரூபா நட்டம் என்று வைப்போம். ஐம்பது ஏக்கர் வைத்திருக்கும் நிலக்காரப் போடியாருக்கு அது இந்தப் போகத்தில் ஒரு சிறு பள்ளம். தோணியையும் வலையையும் தவிர வேறு ஒன்றும் இல்லாதவருக்கு அடுப்பு அணைகிற காரியம். ஆனால் அதே நியாயத்தை மறுபக்கமும் திருப்பிப் பாருங்கள். மனைவியின் நகையை அடகு வைத்து, இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து விதைத்தவர் உங்களைவிட மோசமான நிலையில் இருக்கக்கூடும். எத்தனை ஏக்கர் அழியும் என்று கேட்பதோடு, அதில் எத்தனை ஏக்கர் குத்தகைக்காரருடையது என்றும் கேளுங்கள்.

சரி, எல்லாம் கணக்குப் பார்த்தபின் வெட்டுவதுதான் மொத்தத்தில் நன்மை என்று வந்துவிட்டது. அப்போது நீங்கள் பேசாமல் எழும்பிப் போக வேண்டுமா?

இல்லை. உங்களுடைய உண்மையான வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. 1939இல் நிக்கலஸ் கால்டோர், ஜோன் ஹிக்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு சோதனையை முன்வைத்தார்கள். ஒரு மாற்றத்தால் இலாபம் அடைகிறவர்கள், நட்டம் அடைகிறவர்களுக்கு முழுவதும் ஈடு கொடுத்த பிறகும் கையில் மிச்சம் வைத்திருக்க முடியுமென்றால், அந்த மாற்றம் மொத்தத்தில் நல்லது. கவனியுங்கள்: கொடுக்க "முடியும்" என்றால் போதும், கொடுத்தாக வேண்டும் என்று சோதனை கேட்கவில்லை. இன்றைக்கும் அணை, வீதி, துறைமுகம் என்று பெரிய திட்டங்களின் செலவு–பயன் கணக்குகளுக்கு அடியில் இந்தச் சோதனைதான் கிடக்கிறது. பொருளியலாளர் அமர்த்தியா சென் இதை மடக்கிய விதம் எனக்குப் பிடித்தமானது. ஈட்டை உண்மையிலேயே கொடுத்துவிட்டால், எவருக்கும் நட்டமில்லை என்பது வெளிப்படை, பிறகு இந்தச் சோதனை எதற்கு? கொடுக்கவில்லை என்றால், "கொடுத்திருக்கலாம்" என்ற சொல் நட்டப்பட்டவருக்கு என்ன ஆறுதல்?

உங்கள் கூட்டத்துக்கு இதை அப்படியே கொண்டு போகலாம். வெட்டுவதால் காப்பாற்றப்படும் நெல், நீங்கள் இழக்கும் இறாலைவிடப் பல மடங்கு என்று அவர்களே சொல்கிறார்கள். நல்லது, அப்படியானால் அதில் சிறு பங்கே உங்கள் நட்டத்தை ஈடு செய்யப் போதும். வட்டவிதானைக்கு ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று கொடுக்கும் வழக்கம் நம் பகுதிக்குப் புதிதல்ல. அதுபோல, அந்த மாரியில் ஆற்றுவாய் நேரத்துக்கு முந்தி வெட்டப்பட்டால், காப்பாற்றப்பட்ட வட்டைகளிலிருந்து சூடடித்தபின் ஏக்கருக்கு இவ்வளவு நெல் மீனவர் சங்கத்துக்கு என்று கேளுங்கள். "அது முடியாது, எங்களுக்குக் கட்டாது" என்று பதில் வந்தால், நன்மை பல மடங்கு என்று அவர்கள் சொன்ன கணக்கையே அவர்கள் நம்பவில்லை என்று ஆகிறது.

யாராவது விதுரரை இழுப்பார்கள், எதிர்பாருங்கள். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் போய்வருகிற நம் மக்களுக்குப் பாரதம் மனப்பாடம். ஒரு குலத்துக்காக ஒருவனை விடலாம், ஊருக்காக ஒரு குலத்தை விடலாம், நாட்டுக்காக ஓர் ஊரை விடலாம் என்று திருதராட்டிரனுக்கு விதுரர் சொன்னது உண்மைதான். ஆனால் எப்போது சொன்னார்? துரியோதனன் பிறந்து தீக்குறிகள் தோன்றியபோது. விடச் சொன்னது, குலத்தை அழிக்கப்போகிறவன் என்று கருதப்பட்டவனை. வாவியில் வலை வீசுகிறவர் எந்த வயலை அழித்தார்? தீமைக்குக் காரணமானவரை விடுவதும், தீமையோடு தொடர்பில்லாதவர் தலையில் செலவைக் கட்டுவதும் வேறு வேறு காரியங்கள்.

உங்கள் ஆட்களில் ஒருவர் ஜெர்மன் தத்துவாசிரியர் இம்மானுவேல் கான்டைப் பிடித்துக்கொண்டு வரவும் கூடும். மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்று 1785இல் எழுதியவர் அவர். "எங்களைக் கருவியாக்குகிறார்கள்" என்று பேச ஆசை வரும். அந்த வாதம் இங்கே எடுபடாது. வாவியில் ஒரு மீனவரும் இல்லை என்று வைத்துப் பாருங்கள். அப்போதும் ஆற்றுவாயை வெட்டினால் வயல் தப்பும். ஆகவே உங்கள் நட்டம் அவர்களுடைய கருவி ஆகாது, பக்கவிளைவு மட்டும்தான். 1967இல் பிலிப்பா ஃபூட் என்ற தத்துவாசிரியர் எழுதிய பெயர் போன கட்டுரையொன்று, வேண்டுமென்று செய்யும் தீங்குக்கும் தெரிந்தே நேரவிடும் தீங்குக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் கிண்டுகிறது. பக்கவிளைவு என்பதால் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. ஈடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தடுத்து நிறுத்தும் உரிமை உண்டென்று சொல்வது கடினம்.

இனி எப்போது பேசுவது என்பது. மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்து மண்திட்டில் நின்ற பிறகு கூடும் கூட்டத்தில் குரல் பெரியவர்தான் வெல்வார். பயன்பாட்டுவாதிகளுக்குள்ளேயே இதைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. ஒவ்வொரு செயலையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். நல்ல விளைவு தரும் விதியை முதலில் தேர்ந்து, பிறகு அந்த விதியைப் பின்பற்றலாம் என்பார் மற்றவர். 1861இல் இதைப் பற்றி எழுதிய ஜோன் ஸ்டுவர்ட் மில், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்குப் போட நேரம் இராது, அனுபவம் தந்த இடைநிலை விதிகள் வேண்டும் என்றார். வாவி விடயத்தில் நான் சந்தேகமில்லாமல் மில்லின் பக்கம். பெரும்போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கு உங்களையும் அழைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். நீர்மட்டம் இன்ன அளவைத் தொட்டால் வெட்டலாம், தொடாவிட்டால் இல்லை. அளவுகோலை இரு தரப்பும் சேர்ந்து பார்க்கும். முதலில் வெட்டும் வாய்க்கால் இவ்வளவு அகலம். வெட்டுவதற்கு இத்தனை நாள் முன் மீனவருக்கு அறிவித்தல். இவ்வளவும் வானம் வெளிச்சமாக இருக்கும்போதே எழுதப்பட வேண்டும்.

அதை எழுதுவதற்கு உங்களைப் போல் பொருத்தமானவர் வேறு இல்லை. தான் எந்தப் பக்கத்தில் பிறப்போம் என்று தெரியாதவர்கள் கூடி விதி செய்தால் அது நியாயமாக இருக்கும் என்று 1971இல் தத்துவாசிரியர் ஜோன் றோல்ஸ் எழுதினார். வலையும் வயலும் ஒரே குடும்பத்துக்குள் இருக்கிற நீங்கள் அந்த நிலைக்குக் கிட்ட நிற்கிறீர்கள். விதியை எழுதிவிட்டு முதலில் மச்சானிடம் காட்டுங்கள். அவர் வாசித்துவிட்டு "இது சரி" என்று சொன்னால், அந்தத் தம்பியிடமும் ஒரு பிரதி கொடுத்து, ஏக்கருக்கு எவ்வளவு நெல் என்ற கணக்கை அவரையே போட்டுத் தரச் சொல்லுங்கள்.