ரோண்டா: பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்

தெற்கு ஸ்பெயினில் மாலகா மாகாணத்து மலைகளுக்கு நடுவே, செங்குத்தான பாறையின் விளிம்பில் இருக்கிறது ரோண்டா. நான் நான்கு முறை போய்த் தங்கிய ஊர். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, மாலகாவிலிருந்து காலையில் போய்விட்டு இரவே திரும்பிவிடலாமா?

திரும்பலாம். பஸ்ஸில் ஒரு வழிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஆனாலும் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் சுற்றுலாக் கூட்டம் முற்பகலில் வந்து இறங்கி, சாயங்காலம் கிளம்பிவிடும். விடிகாலையில் பழைய நகரத்துத் தெருக்களில் நடந்தால்தான் ஊரின் முகம் தெரியும். ஜிப்ரால்டர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அல்ஜெசிராஸில் ரயில் ஏறுங்கள். பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று போட்டு, 1892-இல் முடித்த மலைப்பாதை அது. ஜன்னலோர இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரிய பாலம் அரபுக்காரர்கள் கட்டியதா? கட்டியவரே அதிலிருந்து விழுந்து இறந்துபோனார் என்கிறார்களே?

இரண்டுமே சரியில்லை. பெயரே ‘புவெந்தே நுவேவோ’, புதுப்பாலம். ஊரை இரண்டாகப் பிளக்கும் ஆழமான பள்ளத்தாக்கின் மேல் 1793-இல் முடிந்தது, உயரம் 98 மீட்டர். அதே பள்ளத்தாக்கின் மேல் 1735-இல் அவசரமாகக் கட்டிய ஒரு பாலம் ஆறே வருடத்தில் இடிந்து, ஏறக்குறைய ஐம்பது பேர் இறந்தார்கள். அதனால்தான் இந்த முறை ஆற்றின் அடியிலிருந்தே கல்லை அடுக்கிக்கொண்டு வந்தார்கள். இதை முடித்த கட்டடக் கலைஞர் மார்ட்டின் தே அல்தெஹுவேலா 1802-இல் மாலகா நகரில் இறந்தார். விழுந்த கதையெல்லாம் பிறகு கட்டிவிட்டது. நடு வளைவுக்கு மேலே ஓர் அறை இருக்கிறது, முன்பு சிறையாக இருந்தது. அதற்குள் நின்றுகொண்டு, ஜன்னல் வழியாகக் கைதிகள் எதைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கும்.

பாலத்தை மேலிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும். பழைய நகரத்தில் மரியா ஆக்ஸிலியதோரா சதுக்கத்திலிருந்து ஒரு பாதை கீழே இறங்குகிறது. சாயங்காலம் போங்கள், வெயில் நேராகப் பாலத்தின் முகத்தில் விழும். மழை பெய்திருந்தால் மட்டும் வேண்டாம், வழுக்கும்.

ஊரே பாறை உச்சியில் இருக்கிறதே, தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு என் தனி நன்றி. ரோண்டாவின் சரித்திரமே இதில்தான் இருக்கிறது.

‘காசா தெல் ரே மோரோ’ என்ற வீட்டுக்குப் போங்கள். ‘மூர் மன்னர் வீடு’ என்று பெயர்; மூர் என்றால் அந்தக் காலத்தில் இங்கே ஆண்ட முஸ்லிம்கள். ஆனால் வீடு 18-ஆம் நூற்றாண்டினது, எந்த மன்னரும் அதில் இருந்ததில்லை. தோட்டத்தை 1912-இல் ஃபோரெஸ்தியே என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்தார். நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு அடியில் இருக்கிறது. முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் பாறையைக் குடைந்து, பள்ளத்தாக்கில் ஓடும் குவாதலெவின் ஆறு வரைக்கும் படி வெட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய இருநூறு படி. கிறிஸ்தவக் கைதிகள் தோல்பையில் தண்ணீர் நிரப்பி இந்தப் படிகளில்தான் சுமந்து ஏறினார்கள். 1485-இல் காஸ்டீல் என்ற கிறிஸ்தவ அரசின் படை முற்றுகையிட்டபோது இந்தத் தண்ணீர் வழியைத்தான் துண்டித்தது. கொஞ்ச நாளில் ஊர் சரணடைந்தது. அத்தனை உயரமான பாறையை ஏறிப் பிடிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்தப் படிகளில் இறங்க முடியுமா?

வேண்டாம் தம்பி. படிகள் ஈரமாக, உயரம் ஒன்றுக்கொன்று மாறி மாறி இருக்கும். இறங்கினாலும் திரும்பி ஏறித்தான் ஆகவேண்டும், வேறு வழி கிடையாது. அம்மா மேலே தோட்டத்தில் உட்கார்ந்திருக்கட்டும். அல்லது டாக்ஸி பிடித்து அரபுக் குளியலகத்துக்குக் கூட்டிப் போங்கள். எனக்கு ரோண்டாவிலேயே மிகப் பிடித்த இடம் அது. குளிர், இளஞ்சூடு, சூடு என்று மூன்று அறைகள். கூரை வளைவில் நட்சத்திர வடிவத் துளைகள் வழியாக வெளிச்சம் இறங்கி, நேரத்துக்கு நேரம் தரையில் நகரும். வெளியே, விலங்கைக் கட்டிச் சுற்றவிட்டு ஏற்றம்போல நீர் இறைத்த கோபுரமும், அந்தத் தண்ணீர் ஓடிவந்த கால்வாயும் இன்னும் நிற்கின்றன.

காளைச் சண்டை எனக்குப் பிடிக்காது. அந்த அரங்கத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

எனக்கும் பிடிக்காது. ஆனாலும் போனேன். 1785-இல் திறந்த கல் அரங்கம், மணல் வட்டம் மட்டும் 66 மீட்டர் அகலம். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அங்கே சண்டை கிடையாது, கட்டடத்தை மட்டும் அமைதியாகப் பார்க்கலாம். செப்டம்பர் தொடக்கத்தில் திருவிழா. அப்போது அறை வாடகையும் எகிறும், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கார் இருக்கிறது, ஒரு நாள் மிச்சம். சுற்றுவட்டாரத்தில் எங்கே போகலாம்? ஏழு வயதுப் பையனும் கூட வருகிறான்.

‘சேதெனில்’ என்பது எல்லாரும் போகும் ஊர். பாறையே கூரையாக வீடுகள், ஒரு மணி நேரம் போதும். அசினிப்போவுக்கு அதைவிட அதிக நேரம் வையுங்கள். இருபது கிலோமீட்டர் தள்ளி, மேட்டுச் சமவெளியில் ஒரு ரோமானிய நகரத்தின் எச்சம். நாடக அரங்கின் பின்சுவர் மட்டும் தன்னந்தனியாக ஓங்கி நிற்கும், சுற்றிலும் ஆள் அரவமே இருக்காது. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு பெனாவோஹான் ஊருக்குப் பக்கத்திலுள்ள பிலேத்தா குகை. வௌவால் எச்சத்தை உரத்துக்காகத் தேடிப்போன ஒரு விவசாயி 1905-இல் கண்டுபிடித்தது. இருபதாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள், அவற்றில் பெரிய மீன் ஓவியம் ஒன்றும் இருக்கிறது. உள்ளே மின்விளக்கு கிடையாது, கைவிளக்கு வெளிச்சத்தில்தான் கூட்டிப் போவார்கள். போட்டோ எடுக்கக் கூடாது. ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் பையனுக்கு ஒரு ஸ்வெட்டரும் வழுக்காத ஷூவும் எடுத்துக்கொள்ளுங்கள்.