பந்தய சிமுலேட்டரில் குரல் மட்டும் வரவில்லையா? கேள்வி பதில்

எஞ்சின் உறுமுகிறது, டயர் கிறீச்சிடுகிறது, ஆனால் ஸ்பாட்டரும் (பக்கத்தில் கார் வருவதைச் சொல்பவர்) கோ-டிரைவரும் (ரேலியில் அடுத்த வளைவை முன்கூட்டியே சொல்பவர்) வாயே திறப்பதில்லை. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவைதான். பதிலுக்குள் போகும் முன் ஒன்று: பெரும்பாலும் குரல் காணாமல் போயிருக்காது, வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும். அது கேமே பேசும் குரலா, தனி மென்பொருள் பேசுவதா, சக ஓட்டுநர் பேசுவதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் வழி வேறு.

கேள்வி: அண்ணா, அசெட்டோ கோர்சா கேமுக்கு க்ரூ சீஃப்னு ஸ்பாட்டர் குரல் கொடுக்கிற தனி மென்பொருள் போட்டிருக்கேன். ஸ்டார்ட் அழுத்தியாச்சு, ஒரு வார்த்தைகூட வரல. கேம் சத்தம் எல்லாம் சரியா இருக்கு.

தம்பி, காரை ஓட்டிக்கொண்டே க்ரூ சீஃபின் சன்னலை ஒரு முறை பாருங்கள். புதுப்புது வரிகள் வந்தபடி இருந்தால் கேமிலிருந்து தகவல் வருகிறது, கோளாறு ஒலிப் பக்கம். வரிகள் அப்படியே நின்றிருந்தால் கேம் அதனிடம் எதுவும் சொல்லவில்லை, ஸ்பீக்கரை நோண்டிப் பயனில்லை.

தகவல் வரவில்லை என்றால், மேலே உள்ள பட்டியலில் சரியான கேமைத் தேர்ந்திருக்கிறீர்களா பாருங்கள். அசெட்டோ கோர்சாவும் அசெட்டோ கோர்சா காம்பெடிட்சியோனேவும் அங்கே தனித்தனி கேம்கள். அசெட்டோ கோர்சாவுக்கு க்ரூ சீஃபின் பிளக்-இன்னை (கேமின் தகவலை அதற்கு அனுப்பும் சிறு இணைப்பு நிரல்) கேம் அமைப்பிலும் டிக் செய்ய வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஆர்ஃபேக்டர் 2-க்கும் ஒரு பிளக்-இன் உண்டு. ஆட்டோமொபிலிஸ்டா 2 என்றால் சிஸ்டம் அமைப்பில் ஷேர்டு மெமரியை (கேமின் தகவலை மற்ற மென்பொருள் படிக்கும் வழி) 'ப்ராஜெக்ட் கார்ஸ் 2' என்று வைக்க வேண்டும்.

தகவல் வந்தும் பேசவில்லை என்றால், சவுண்ட் பேக் (குரல் பதிவுகளின் தொகுப்பு) இறங்கியிருக்கிறதா பாருங்கள். மென்பொருளை நிறுவினால் மட்டும் குரல் வந்துவிடாது, அதைத் தனியாக டவுன்லோடு செய்ய வேண்டும். பாதியில் நின்றுபோன டவுன்லோடும் இப்படி மௌனமாக்கிவிடும்.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்செட் பயன்படுத்துகிறேன். தனியாக ஓட்டும்போது எல்லாம் கேட்கிறது. வாய்ஸ் சாட்டில் சேர்ந்ததும் ஸ்பாட்டர் குரல் போய்விடுகிறது, மற்ற சத்தமும் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது. ஹெட்செட் பழுதா சார்?

பழுது இல்லை. வழக்கமான ப்ளூடூத்தில் தரமான ஸ்டீரியோவும் மைக்கும் ஒரே நேரத்தில் ஓடாது. வாய்ஸ் சாட் மைக்கைத் திறந்த அந்த நொடியே ஹெட்செட் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ முறைக்கு மாறிவிடும். அது ஒற்றைச் சேனல், தரமும் குறைவு. விண்டோஸ் 10-ல் ஒரே ஹெட்செட் 'ஸ்டீரியோ', 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' என இரண்டு சாதனங்களாகத் தெரியும். ஸ்பாட்டரின் குரல் ஸ்டீரியோவுக்கு அனுப்பப்பட்டிருந்தால், மாறிய நொடியோடு அது அடங்கிவிடும்.

தீர்வு: மைக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒரு யுஎஸ்பி மைக் போதும். வாய்ஸ் சாட்டில் அதை உள்ளீடாகத் தேர்ந்து, ஹெட்செட்டின் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ சேவையை விண்டோஸில் அணைத்துவிடுங்கள்.

ஆனாலும் பந்தயத்துக்கு ப்ளூடூத் வேண்டாம் என்றே சொல்வேன். அதில் ஒலி சற்றுத் தாமதமாகத்தான் வரும். பாட்டுக்கு அது பொருட்டில்லை. பக்கத்தில் கார் இருக்கிறது என்று ஸ்பாட்டர் சொல்வது நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு காதில் விழுந்தால், பக்கத்தில் வருபவருடைய பந்தயமும் சேர்ந்து கெடும். வயர் ஹெட்செட்தான் நல்லது.

கேள்வி: நண்பர் பேசத் தொடங்கியதும் கேம் சத்தமும் ஸ்பாட்டரும் அடங்கிப்போகிறது, பிறகு தானாக வருகிறது. ஏன்?

விண்டோஸ் அதை அழைப்பு என்று நினைத்து மற்றவற்றைக் குறைக்கிறது. பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற தாவல் இருக்கும். இயல்பாக அங்கே 80 சதவீதம் குறைக்கும்படி இருக்கும். 'டூ நத்திங்' என்று மாற்றுங்கள். வாய்ஸ் சாட் மென்பொருளான டிஸ்கார்டிலும் இதே வேலையைச் செய்யும் அமைப்பு உண்டு, அதையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: ரேலி கேமில் கோ-டிரைவர் குரல் மட்டும் இல்லை. வால்யூம் முழுதாக இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர்தான் வைத்திருக்கிறேன்.

கடைசி வரியிலேயே காரணம் இருக்கலாம். விண்டோஸில் ஸ்பீக்கர் அமைப்பு 5.1 அல்லது 7.1 என்று இருந்தால், நடுச் சேனலுக்குப் போகும் பேச்சு இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்விடும். எஞ்சின் சத்தம் இடமும் வலமும் வருவதால் சந்தேகமே வராது. ஸ்பீக்கர் அமைப்பைத் திறந்து 'டெஸ்ட்' அழுத்துங்கள். நடு ஸ்பீக்கரின் முறை வரும்போது எதுவும் கேட்காவிட்டால் ஸ்டீரியோவுக்கு மாற்றி, கேமை மூடித் திறங்கள்.

கேள்வி: புது மானிட்டர் மாட்டியதிலிருந்து ரேடியோ குரல் இல்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாமா?

வேண்டாம். அமைப்புகள் எல்லாம் போய்விடும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். எச்டிஎம்ஐ வழியே மாட்டிய மானிட்டரும் விண்டோஸுக்கு ஓர் ஒலிச் சாதனம்தான், விஆர் ஹெட்செட்டும் அப்படித்தான். இயல்புச் சாதனம் அங்கே மாறியிருக்கும். அதைத் திருப்பி வையுங்கள். பிறகு குரல் மென்பொருள் பேசிக்கொண்டிருக்கும்போதே வால்யூம் மிக்சரைத் திறந்து பாருங்கள், பேசாத நேரத்தில் அது பட்டியலில் தெரியாமல் போகலாம். அதன் அளவு பூஜ்யத்தில் இருக்கிறதா, வெளியீடு எந்தச் சாதனத்துக்கு என்று அங்கேயே தெரியும். பல கேம்கள் தொடங்கும்போதுதான் சாதனத்தைப் பிடிக்கும். அதனால் ஹெட்செட்டை முதலில் போடுங்கள், கேமைப் பிறகு திறங்கள்.

கேள்வி: எனக்கு எல்லார் குரலும் கேட்குது, நான் பேசுறது யாருக்கும் கேட்கல. டெஸ்க்டாப்பில் டிஸ்கார்டில் பேச அழுத்துற பட்டன் வேலை செய்யுது, கேமுக்குள் போனா இல்லை.

கேமை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுகிறீர்கள் போலிருக்கிறது. அப்படி ஓடும் சன்னல் முன்னால் இருக்கும்போது, சாதாரணமாக ஓடும் மென்பொருளுக்கு விசை அழுத்தம் போய்ச் சேராது. இரண்டையும் ஒரே நிலையில் ஓட்டுங்கள். முடிந்தால் இரண்டுமே சாதாரணமாக.

கேள்வி: ஒரே ஒருத்தர் குரல் மட்டும் கேட்கலைன்னா?

எப்போதோ அவரை மியூட் செய்திருப்பீர்கள். ஓட்டுநர் பட்டியலில் அவர் பெயரைப் பாருங்கள். அங்கே மியூட் இல்லை என்றால், அவரிடம் தன் மைக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.