வேலைக்குப் போகிறவனுக்குத் திசுப் பொருத்தம் எதற்கு?

அன்புள்ள ஐயா,

உடலுறுப்புக் கொள்ளைக்கு எதிராக அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை மசோதா நிறைவேற்றியதாகப் படித்தேன். அந்த நாட்டுச் சட்டத்தால் நமக்கு என்ன வந்தது? கேட்கக் காரணம் உண்டு. எங்கள் தெருப் பையன் மீன்பிடி வேலைக்கு ஈரான் போகிறான். ஏஜெண்ட் கொடுத்த பரிசோதனைச் சீட்டில் எச்.எல்.ஏ. என்று ஒன்று இருக்கிறது. அது வழக்கம்தானா?

வாசகர், குளச்சல்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வழக்கமில்லை. வெளிநாட்டு வேலைக்கு நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர், எச்.ஐ.வி., மஞ்சள்காமாலைக் கிருமி பார்ப்பார்கள். எச்.எல்.ஏ. என்பது திசுப் பொருத்தம். ஒருவர் உறுப்பை இன்னொருவர் உடம்பு ஏற்குமா என்று பார்ப்பது. வலை இழுக்கப் போகிறவனுக்கு அது எதற்கு? (முதுகு வலிக்கு டாக்டர் எழுதும் எச்.எல்.ஏ. பி27 வேறு.) அடுத்து கிராஸ்மேட்ச் (கொடுப்பவர் ரத்தமும் வாங்குபவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை), சிறுநீரக ரத்தக்குழாய்க்கு சி.டி. ஆஞ்சியோ என்ற ஸ்கேன் என்று கேட்டால், குறி சிறுநீரகம்தான். பாஸ்போர்ட் ஏஜெண்ட் கையில் இருந்தால் இன்றே வாங்கிவிடச் சொல்லுங்கள்.

ஈரான் நம் கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. 2020 கொரோனாவில் அங்கே சிக்கியவர்களைக் கடற்படைக் கப்பல் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. 2024 மே மாதம் கொச்சி நெடும்பாசேரி விமான நிலையத்தில் ஒருவர் பிடிபட்டாரே, அந்த வழக்கில் சொல்லப்பட்டதும் சிறுநீரகத்துக்காக ஆட்களை ஈரானுக்குக் கொண்டுபோனதாகத்தான்.

இனி சட்டம். அந்த மசோதா 2023-ல் 413-2, 2025-ல் 406-1 என்று பிரதிநிதிகள் சபையில் தேறியது. ஆனால் செனட்டும் தாண்டினால்தான் சட்டம். உறுப்புக் கடத்துகிறவர்களின் சொத்தை முடக்குவது, விசா மறுப்பது அதன் உள்ளடக்கம். எனக்குக் கூர்மையாகப் படுவது இஸ்ரேலின் 2008 சட்டம். விலைக்கு வாங்கிய உறுப்பை வெளிநாட்டில் பொருத்திக்கொண்டால் காப்பீடு பணம் தராது என்றது. 2006-ல் வெளிநாட்டில் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் 155 பேர், 2011-ல் 35. வாங்குகிறவன் பணப்பையைத் தொட்டதால் கிடைத்த பலன்.

நம் நாட்டின் 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் கடுமையானதுதான்: 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தவரும் அதே பிரிவில் குற்றவாளி. வயிற்றில் தையலோடு வந்தவர் பிறகு எப்படி ஸ்டேஷன் படி ஏறுவார்? தரகனின் பலமே அந்தப் பயம்தான். இன்னொரு முடிச்சு: இந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமித்த உரிய அதிகார அமைப்போ, அதற்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்தவரோ புகார் செய்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். போலீஸ் குற்றப்பத்திரிகை மட்டும் போதாது.

ஆகவே அப்படி உறுப்பை இழந்து வந்தவர் புகாரை ஆட்கடத்தலாக எழுத வேண்டும். பாரதிய நியாய சம்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 143-ம் பிரிவில் கட்டாய உறுப்பு அகற்றமும் சுரண்டல்தான். ஏமாற்றியோ பண ஆசை காட்டியோ அதற்காக அழைத்துப் போனாலும் ஆட்கடத்தல். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது அங்கே பொருட்டே இல்லை. தண்டனை குறைந்தது 7 ஆண்டு. "கிட்னி விற்றேன்" என்று முதல் வரியில் எழுதிவிட்டு வக்கீலைத் தேடுவதில் பயனில்லை. என்ன வேலை என்றார்கள், டிக்கெட் யார் போட்டது, பாஸ்போர்ட் யாரிடம் இருந்தது, கையெழுத்து வாங்கிய தாள் எந்த மொழியில் இருந்தது என்று தேதி வாரியாக எழுதட்டும். வாட்ஸ்அப் குரல் பதிவை அழிக்கக் கூடாது.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுத்தால் ஒரு சிறுநீரகம் இல்லாதது தெரிந்துவிடும். விலாவில் தழும்பு இல்லையே என்று நம்பாமல் இருக்க வேண்டாம். துளை அறுவையில் நாலைந்து சிறு துளை போட்டு, அடிவயிற்றில் சிசேரியன் போலக் குறுக்கே கீறி வெளியே எடுப்பதும் உண்டு.

அந்தப் பையன் விஷயத்தில் இதெல்லாம் தேவைப்படாது. சீட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேப் பெயர், தேதி, பணம் கட்டியவர் பெயர் மூன்றும் தெளிவாகத் தெரியட்டும்.