மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் சாலைப் பராமரிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: கோவையில் பதிவான மின்சாரக் கார், தினமும் வாளையார் தாண்டி பாலக்காட்டுக்கு ஓடுகிறது. "பெட்ரோல் போடுகிறவன் சாலைக்கு செஸ் கட்டுகிறான், நீங்கள் சும்மா ஓட்டுகிறீர்கள்" என்கிறார்கள். தனிக் கட்டணம் வசூலிப்பது நியாயமா?

பதில்: நியாயம்தான், எடையையும் ஓடிய தூரத்தையும் வைத்து வசூலித்தால். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதுபோல வண்டிக்கு இவ்வளவு என்று போட்டால் அநியாயம்.

முதலில் அந்த செஸ், அதாவது எரிபொருள் விலையோடு சேர்த்து வாங்கும் சாலை வரி, எவ்வளவு என்று பார்க்கலாம். 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு சாலை செஸ் பெட்ரோல் லிட்டருக்கு 5 ரூபாய், டீசலுக்கு 2 ரூபாய். லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் கார் வருடம் 12,000 கி.மீ. ஓடினால் 800 லிட்டர், அதாவது 4,000 ரூபாய். கி.மீ.க்கு 33 காசு. 50 கி.மீ. கொடுக்கும் பைக்குக்கு 10 காசு. மின் வாகனம் கட்டாமல் போவது இவ்வளவுதான். டோல்கேட்டில் விலக்கு கிடையாது. வாளையார் தாண்டி வரும் பாம்பாம்பள்ளம் டோல்கேட்டில் மின்சாரக் காரும் மற்றக் கார்களைப் போலத்தான் கட்டிவிட்டுப் போகிறது.

பெரிய தொகை ஆயுள் வரியில் இருக்கிறது. 14 லட்ச ரூபாய் காரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்ந்த விகிதப்படி பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், 2,52,000 ரூபாய். மின்சாரக் காருக்கு 2023 கொள்கைப்படி 2025 இறுதி வரை முழு விலக்கு தரப்பட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அதே மின்சாரக் காருக்கு 5 சதவீதம், 70,000 ரூபாய். 15 வருடத்துக்குப் பிரித்தால் வருடம் சுமார் 4,667. 2025 ஏப்ரலிலிருந்து 15 லட்சத்துக்கு மேல் 8, 20 லட்சத்துக்கு மேல் 10 சதவீதம். இரண்டரை லட்சத்தை விட்டுக்கொடுத்துவிட்டு 4,000 ரூபாய்க்கு இன்னொரு ரசீது புத்தகம் அச்சடிப்பதைவிட, சலுகையைக் கொஞ்சம் குறைப்பது சுலபம். ஆனால் விலையை வைத்துப் போடும் வரிக்கும் தார் தேய்வதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாலையை உடைப்பது அச்சு பாரம், அதாவது இரு பக்கச் சக்கரங்களை இணைக்கும் ஒவ்வொரு அச்சின் வழியாகவும் சாலையில் இறங்கும் எடை. 1958–60இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் நடந்த சோதனையிலிருந்து வந்த கணக்கு இது: பாரம் இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. பாரத்தின் நான்காம் அடுக்கில் சேதம் கூடுகிறது. நம் ஊர் சாலை வடிவமைப்பில் 8.16 டன் அச்சு ஒருமுறை செய்யும் சேதத்தை ஓர் அலகாக வைக்கிறார்கள். ஆட்களோடு 1.8 டன் வரும் மின்சாரக் காரின் ஓர் அச்சில் 0.9 டன். அப்படி ஆறாயிரத்து எழுநூறு அச்சுகள் போனால்தான் ஓர் அலகு. பேட்டரி எடையால் அதே அளவு பெட்ரோல் காரைவிட (1.6 டன்) ஒன்றரை மடங்குக்குமேல் சேதம் என்பது உண்மை, ஆனால் தூசியில் ஒன்றரை மடங்கும் தூசிதான்.

2018க்குப் பிறகு சட்டம் அனுமதிக்கும் 11.5 டன் அச்சு ஒவ்வொன்றும் நாலு அலகு. எல்லையிலுள்ள வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரியில் அச்சுக்கு 14 டன் ஏறினால் கிட்டத்தட்ட ஒன்பது. சட்டப்படியான 11.5 டன் அச்சே அந்தக் காரின் அச்சைப்போல 26,000 மடங்கு சேதம் செய்கிறது. லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் லாரி கட்டும் சாலை செஸ்? கி.மீ.க்கு 50 காசு. பெட்ரோல் காரின் 33 காசைப்போல ஒன்றரை மடங்கு. ஆக, இப்போதைய செஸ்ஸே நியாயமான அளவுகோல் இல்லை. மின்சாரப் பேருந்துக்கும் இதே அச்சுக் கணக்குதான். புகை வராததால் தார் தப்பிக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஓடை அடைத்துக்கொண்டு மழைத் தண்ணீர் தாருக்கு அடியில் இறங்கி ஜல்லிப் படுகை இளகுவதற்கு எந்த வண்டியும் காரணமில்லை. பாலக்காட்டு மழைக்கு இந்தச் செலவு சின்னதல்ல. அந்தப் பங்கை ஸ்கூட்டர் உட்பட எல்லாரும் சிறு தொகையாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

எப்படி வசூலிப்பது? கரண்ட் பில்லில் சேர்க்க முடியாது. வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் போட்டால் மீட்டருக்குக் காரும் கிரைண்டரும் ஒன்றுதான். ஓடோமீட்டரைப் பார்க்கலாம் என்றால், மின் வாகனத்துக்குப் புகைச் சான்று கிடையாது, சொந்தக் காருக்கு 15 வருடம் வரை எஃப்சியும் (தகுதிச் சான்று) கிடையாது. மீதி இருப்பது வருடாந்தர இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு. அதில் ரீடிங்கைப் பதியச் செய்யலாம். பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வாடகை வாகனங்களுக்குச் சிக்கலில்லை: முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடாவருடம் எஃப்சி. தொடங்குவதானால் பேருந்து, சரக்கு வண்டி என்று அங்கிருந்து தொடங்க வேண்டும். நியூஸிலாந்து 2024 ஏப்ரலிலிருந்து இலகு ரக மின்சாரக் காருக்கு 1,000 கி.மீ.க்கு 76 நியூஸிலாந்து டாலர் வாங்குகிறது. ஆனால் அங்கே மாநில எல்லை என்ற தொல்லை இல்லை.

இங்கே வாகன வரி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஓடோமீட்டர் கோவைக் கி.மீ., பாலக்காட்டுக் கி.மீ. என்று பிரித்துக் காட்டாது. கோவைப் பதிவில் கட்டணம் வந்தால் பணம் சென்னைக்குப் போகும், கஞ்சிக்கோட்டுக் குழியைக் கேரளம்தான் மூட வேண்டும். வண்டியையே அந்தப் பக்கம் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவுப்படி கேரளப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும், அதற்கான வரியோடு. தினம் போய் இரவு வீடு திரும்பும் உங்கள் காருக்கு அது பொருந்தாது.