பிஸ்மத் செலினைடின் மேற்பரப்பில் ஓடும் எலக்ட்ரான் ஏன் நேர் எதிரே திரும்புவதில்லை?

நல்ல கேள்வி தம்பி. பிஸ்மத் செலினைடு என்பது உள்ளே மின்சாரத்தைத் தடுத்து, மேற்பரப்பில் மட்டும் கடத்த வேண்டிய ஒரு படிகம். மதுரைக்காரர் என்கிறீர்கள், அதனால் மாசி வீதியையே எடுத்துக்கொள்வோம். வலமாகச் சுற்றினால் மீனாட்சி கோயில் உங்கள் வலது தோள் பக்கம் இருக்கும். எதிர்த்து நடந்தால் இடது தோள் பக்கம். திசை மாறினால் தோளும் மாறியே ஆக வேண்டும், இல்லையா? இந்த எலக்ட்ரானின் ஸ்பின்னும் (சிறு காந்த முள் போல ஒரு திசையைக் காட்டும் அதன் உள்ளார்ந்த பண்பு) அப்படித்தான், ஓடும் திசையோடு பூட்டப்பட்டது. நேர் எதிரே திரும்ப ஸ்பின் தலைகீழாக வேண்டும். சாதாரண மாசு அணுவால் அது முடியாது, காந்த அணுவால் முடியும். சாய்வாகச் சிதறத் தடையில்லை, அதனால் மின்தடை பூஜ்ஜியமாகிவிடாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு: மின்னோட்டம் செலுத்தினாலே மேற்பரப்பு ஸ்பின்கள் ஒரு பக்கம் சாய்கின்றன, காந்தமே வேண்டாம்! அப்புறம், உட்பகுதியில் சுமார் 0.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி உண்டு, அதாவது எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் பகுதி; அதனால் உள்ளே மின்சாரம் ஓடக் கூடாது. ஆனாலும் நிஜப் படிகத்தில் செலினியம் அணு விடுபட்ட இடங்களால் உள்ளேயும் மின்சாரம் கசியும்.