22 குஞ்சும் கறுப்பு: லாவெண்டர் நிறம் எங்கே போனது?

கேள்வி: கழுத்து முதல் வால் வரை ஒரே சீரான வெளிர்சாம்பலில் லாவெண்டர் சேவல் ஒன்று வாங்கினேன். குஞ்சிலிருந்தே என்னிடம் தனியாக வளர்ந்த நான்கு கறுப்புப் பெட்டைகளோடு அதை விட்டேன். 22 குஞ்சுகள் பொரிந்தன, அத்தனையும் கறுப்பு. சேவல் வழியாக வரும் நிறம் நிலைக்காது என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். எல்லாவற்றையும் விற்றுவிட்டு லாவெண்டர் ஜோடியாகவே வாங்கிவிடட்டுமா?

பதில்: சேவலையும் விற்காதீர்கள், பெட்டைகளையும் குஞ்சுகளையும் விற்காதீர்கள். உங்களை ஏமாற்றிய அந்த 22 கறுப்புக் குஞ்சுகள்தான் சேவல் அசல் லாவெண்டர் என்பதற்குச் சாட்சி. சாம்பல் கோழிகளில் ‘புளூ’ என்று வளர்ப்போர் அழைக்கும் இன்னொரு வகை உண்டு. அந்தப் புளூ வகைச் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு சேர்த்தால் முதல் தலைமுறையிலேயே ஏறக்குறையப் பாதிக் குஞ்சுகள் சாம்பலாகப் பொரியும். உங்களுடையது புளூவாக இருந்து, 22 குஞ்சும் கறுப்பாகவே வருவதென்றால் அது நாற்பது லட்சத்தில் ஒரு முறை நடக்கக்கூடியது.

லாவெண்டர் ஓர் ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என மரபணுவின் இரண்டு பிரதிகளும் சேர்ந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் கறுப்பு அதை மூடிவிடும். உங்கள் குஞ்சுகள் ஒவ்வொன்றும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியைக் கட்டாயம் பெற்றிருக்கிறது. நிறம் எங்கும் போய்விடவில்லை. கறுப்புக்கு அடியில் இருக்கிறது. மெண்டல் பட்டாணியில் கண்ட விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902-இல் ஆங்கிலேய உயிரியலாளர் பேட்சன் காட்டியதே கோழிக் கொண்டையை வைத்துத்தான். கொண்டையில் ஒளிந்து வந்த பண்பு இறகில் ஒளிந்து வருவதில் வியப்பில்லை.

பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்வது லாவெண்டருக்குப் பொருந்தாது. சாக்லெட் என்ற இன்னொரு கோழி நிறம், ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் அமர்ந்திருப்பதால், அங்கே எது சேவல், எது பெட்டை என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். அந்தக் கதையை இதோடு குழப்பிக்கொண்டிருப்பார். லாவெண்டர் யார் வழியாக வந்தாலும் ஒன்றுதான்.

இனி அடுத்த தலைமுறை. கறுப்புக் குஞ்சுகளை வளர்த்து அண்ணன் தங்கையாகச் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு லாவெண்டர் கிடைக்கும். இது சராசரிக் கணக்கு என்பதை மறந்துதான் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். எட்டுக் குஞ்சு மட்டும் பொரித்தால் அதில் ஒன்றுகூட லாவெண்டராக இல்லாமல் போகப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. பதினாறு பொரித்தால் அது நூறில் ஒன்றாகக் குறையும். இந்த வழியில் பெரிய தலைவலி மிச்சமுள்ள கறுப்புக் குஞ்சுகள்தான். அவற்றில் மூன்றில் இரண்டு நிறத்தைச் சுமக்கும், ஒன்று சுமக்காது. கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது.

அதனால் நான் சொல்வது, இளம்பெட்டைகளைத் தந்தைச் சேவலோடு சேர்ப்பது. பாதிக்குப் பாதி லாவெண்டர் பொரியும். அதில் வரும் கறுப்புக் குஞ்சுகளும் எல்லாமே நிறத்தைச் சுமப்பவை, சோதிக்க வேண்டியதில்லை. உறவுக்குள் சேர்ப்பதால் கேடு உண்டு, மறுக்கவில்லை. ஒரு தலைமுறைக்கு இதைத் தாங்கலாம். அடுத்தடுத்தும் இப்படியே போனால் கருக்கூடுவது குறையும், பொரிப்பும் குறையும், குஞ்சு நோஞ்சானாகும். ஆகவே அதற்கடுத்த சுற்றில் உறவில்லாத கோழியைக் கொண்டுவந்தே ஆக வேண்டும்.

பெட்டைகளைச் சேவலிடம் விடும் முன் ஓர் எச்சரிக்கை. கூடப் பிறந்த சேவல் குஞ்சுகள் கூவத் தொடங்குவதற்கு முன்பே அவற்றைப் பிரித்துவிடுங்கள். பெட்டையின் உடலுக்குள் விந்து இரண்டு, மூன்று வாரம்வரை உயிரோடு தங்கும். ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால், தனியே வைத்து மூன்று வாரம் கழிந்த பிறகு கிடைக்கும் முட்டையை மட்டும் அடை வையுங்கள். ‘எழுதியதொன்று, பொரிந்தது வேறொன்று’ என்ற புகாரில் பெரும்பாலானவை இந்த மூன்று வாரத்தைப் பொறுக்காதவர்களுடையவை.

லாவெண்டர் ஜோடி வாங்கலாமா என்று கேட்டீர்கள். வாங்கினால் எல்லாக் குஞ்சும் உடனே லாவெண்டர்தான். வேகத்தில் அதை மிஞ்ச வழியில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக லாவெண்டரை லாவெண்டரோடே சேர்த்தால் இறகு கெடும். வால் இறகும் முதுகின் பின்பக்க இறகும் நுனியில் பிய்ந்து நார்நாராகத் தொங்கும். குஞ்சுக்கு இறகு முளைப்பதும் தாமதமாகும். இந்த நிறத்தோடு ஒட்டியே வரும் பழைய வியாதி இது. மருந்து, நல்ல இறகுள்ள கறுப்புதான். உங்கள் நான்கு தாய்ப்பெட்டைகளை நீங்கள் விற்கக் கூடாது என்று நான் சொல்வது இதற்காகவும்தான். லாவெண்டர் கிடைத்த மகிழ்ச்சியில் பிய்ந்த வாலுள்ளதை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். நிறம் சற்றுக் கூடக்குறைய இருந்தாலும் இறகு கெட்டியாக உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

பொரித்த அன்றே பலன் தெரிந்துவிடும்: லாவெண்டர் குஞ்சின் ரோமம் வெளுத்த சாம்பலாக இருக்கும், கறுப்புக் குஞ்சு முதுகு கறுத்து வயிறு வெளுத்து நிற்கும். அன்றே காலில் வளையம் மாட்டி, எந்தப் பெட்டையின் முட்டை என்று குறித்துவிடுங்கள். கறுப்புக் குஞ்சுகள் வளர்ந்துவிட்டால் எது யாருடையது என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

வெள்ளைக் கோழியை மட்டும் இந்தக் கூட்டத்துக்குள் விட்டுவிடாதீர்கள். வெள்ளை தன் அடியில் உள்ள நிறத்தை மறைத்துவிடும். என்ன கலந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் இரண்டு தலைமுறை போய்விடும்.