ஜென்ம பாவமும் ஒரு நேர்மையான குமாஸ்தாவும்

அன்புள்ள ஐயா,

நான் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை. உடன் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், ரொம்ப நல்லவர், "இரட்சிக்கப்பட்டீங்களாம்மா?" என்று என்னை அடிக்கடி கேட்பார். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். போன மாதம் பேச்சு வளர்ந்துவிட்டது. மனுஷர் எல்லோருமே ஜென்ம பாவிகள், நல்ல காரியம் செய்து யாரும் மோட்சம் போக முடியாது, கிருபையால்தான் முடியும் என்றார். என் அப்பா சார்பதிவாளர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை கை நீட்டாதவர். சென்ற வருடம் தவறிவிட்டார். "அப்போ எங்கப்பா?" என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தூக்குமேடையில் ஒரு ஜெபம் சொன்ன கொலைகாரனுக்கு மோட்சம், எங்கப்பாவுக்கு இல்லையா? பிறக்கும்போதே பாவி என்பது மனிதனை இழிவு செய்வது இல்லையா? நம் மரபில் இப்படியெல்லாம் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் கிறிஸ்தவத்துக்குள்ளேயே 1600 வருடங்களுக்கு முன்பு ஒருவருக்கு வந்தது. அவர் பெலேஜியஸ். பிரிட்டனிலிருந்து வந்து ரோமில் தங்கியிருந்தவர், துறவி வாழ்க்கை வாழ்ந்தவர். பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அவரைக் கஞ்சி குடித்துப் பருத்த ஆள் என்று கேலி செய்ததாகச் சொல்வார்கள். சமயச் சண்டைகளில் உடம்பையும் இழுப்பது அப்போதே இருந்திருக்கிறது.

அக்கால ரோமில் வசதியான குடும்பங்கள் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு பழையபடியே வாழ்ந்தன. கேட்டால் "மனுஷன் பலவீனமானவன், என்ன செய்வது" என்றார்கள். பெலேஜியஸுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. ஒருநாள் ஒரு ஆயர் அவர் முன்னால், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயரான அகஸ்டினின் 'பாவ அறிக்கை' நூலிலிருந்து ஒரு ஜெபத்தைச் சொன்னார். நீர் கட்டளையிடுவதைச் செய்யும் சக்தியை நீரே தாரும், பிறகு எதை வேண்டுமானாலும் கட்டளையிடும் என்பது அதன் சாரம். பெலேஜியஸ் அந்த ஆயரோடு கிட்டத்தட்ட சண்டைக்கே போய்விட்டார் என்று அகஸ்டின் பின்னாளில் எழுதுகிறார். கடவுள் கொடுத்த புத்தியையும் சுதந்திரத்தையும் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதானே, அதற்கும் அவரையே கேட்பதா?

410இல் கோத்தர்களின் அரசன் அலாரிக் ரோமைச் சூறையாடியபோது ஊரே ஆப்பிரிக்காவுக்கு ஓடியது. அப்படி ஓடியவர்களில் டெமெத்ரியாஸ் என்ற பெரிய இடத்துப் பெண்ணும் ஒருத்தி. 413 வாக்கில், கல்யாணம் கூடிவந்த நேரத்தில், கன்னியாகவே வாழ்வேன் என்று விரதம் எடுத்தாள். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பெலேஜியஸ் அவளுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் கிடைக்கிறது, அழகான கடிதம். மனித இயல்பு எவ்வளவு வலிமையானது என்று காட்டித்தான் ஆரம்பிக்கிறார். முடியாது, கஷ்டம், நாங்கள் வெறும் மனிதர்கள் என்று புலம்புகிறவர்கள் கடவுளையே குறை சொல்கிறார்கள். தான் படைத்தது என்ன என்று அவருக்குத் தெரியாதா என்று கேட்கிறார். உன் செல்வமும் குலப்பெருமையும் குடும்பத்தார் தந்தவை, ஆன்மிகச் செல்வத்தை மட்டும் உன்னைத் தவிர வேறு யாரும் உனக்குத் தர முடியாது என்கிறார். இந்த ஒரு வரிக்காகவே அகஸ்டின் அவளுடைய தாய் ஜூலியானாவுக்குத் தனியாகக் கடிதம் எழுதி எச்சரித்தார்.

இதுவரைக்கும் பெலேஜியஸ் உங்கள் அப்பாவுக்காக வாதாடும் வக்கீல் போலத்தான் தெரிகிறார். ஆனால் அவர் வாதத்தைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாம் உன்னால் முடியும் என்றால், செய்யாமல் விட்டது ஒவ்வொன்றும் முழுக்க உன் குற்றம். சாக்குக்கு இடமே கிடையாது. தீர்ப்பு நாளில் பாவிகளுக்கு இரக்கம் இல்லை, அவர்கள் நித்திய நெருப்பில் எரிவார்கள் என்று எழுதியவர் அவர். 415இல் பாலஸ்தீனத்தின் டயோஸ்போலிஸில் ஆயர்கள் கூடி இதைப் பற்றி விசாரித்தபோது மறுக்கவில்லை, வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று ஆதாரம் காட்டினார். மனிதனை உயர்த்திப் பேசியவரின் சபையில் தடுமாறுகிறவனுக்கு இடமில்லை. உங்கள் அப்பா உள்ளே போயிருக்கலாம். அதே அலுவலகத்தில் மகள் கல்யாணக் கடனுக்காக ஒருமுறை கை நீட்டிவிட்டு ஆயுசு முழுக்கக் குமைந்த ஒருவர் நிச்சயம் இருந்திருப்பார். அவர் கதி?

அகஸ்டின் அந்த இரண்டாவது மனிதரை உள்ளிருந்தே அறிந்தவர். 354இல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். பதினாறு வயதில் கூட்டாளிகளோடு ராத்திரியில் போய் ஒரு பேரி மரத்தை உலுக்கிக் காய்களை மூட்டையாக அள்ளி வந்த கதையை 'பாவ அறிக்கை'யின் இரண்டாம் பகுதியில் சொல்கிறார். பசி இல்லை. வீட்டில் இதைவிட நல்ல காய் இருந்தது. ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். இந்தச் சில்லறைத் திருட்டைப் பக்கம் பக்கமாகக் குடைகிறார். எதற்காகச் செய்தேன்? தனியாக இருந்தால் செய்திருக்க மாட்டேனே? எட்டாம் பகுதியில் இன்னும் உள்ளே போகிறார். மனம் கையை அசை என்றால் கை அசைகிறது; மனம் மனதுக்கே உத்தரவு போட்டால் மட்டும் ஏன் கேட்பதில்லை? நாளையிலிருந்து குடிக்க மாட்டேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவரை நம் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். அந்தச் சத்தியத்தில் பொய் இல்லை. சாயங்காலம் அவர் கால்கள் போன வழியிலும் பொய் இல்லை.

ஜென்ம பாவம் என்பதை நான் இந்த அளவுக்கு ஏற்கிறேன், சபைக்குப் போகாதவனாக இருந்தும். நம் விருப்பமே நம் கையில் முழுசாக இல்லை; அதைத் திருப்பும் உதவி நமக்கு வெளியிலிருந்து, நாம் கேட்பதற்கும் முன்னால், வர வேண்டியிருக்கிறது. கிருபை என்று அவர்கள் சொல்வது இந்த உதவியைத்தான். அது இழிவு என்றால், தன்னை நாயினும் கீழாய்ச் சொல்லிக்கொண்ட மாணிக்கவாசகரை என்ன செய்வது? அவன் தாளை வணங்கவே அவன் அருள் வேண்டும் என்றவர் அவர். முன்னோர் குற்றம் வாரிசுக்கு வருகிறது என்ற எண்ணம் சைவத்தில் இல்லை, ஆணவ மலம், அதாவது உயிரோடு ஆதியிலிருந்தே ஒட்டியிருக்கும் அழுக்கு, என்பது வேறு விஷயம். ஆனால் அருள் முந்தி வருகிறது என்பதில் அகஸ்டினும் மாணிக்கவாசகரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

அகஸ்டின் அதோடு நின்றிருந்தால் நானும் அவர் கட்சி. அவர் நிற்கவில்லை. ஆதாமின் குற்றமே எல்லோருக்கும் இறங்குகிறது, ஆகவே ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பச்சைக் குழந்தைக்கும் தண்டனை உண்டு, மிக லேசான தண்டனை என்றார். இத்தாலியின் எக்ளானம் ஊர் ஆயரான ஜூலியன் என்ற இளைஞர், பிறந்த குழந்தையைத் தண்டிக்கும் கடவுள் என்ன கடவுள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அகஸ்டினிடம் கடைசிவரை நல்ல பதில் இல்லை. 430இல் வேண்டல் என்ற இனத்தின் படைகள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அவர் இறந்தார். ஜூலியனுக்கு எழுதிக்கொண்டிருந்த மறுப்பு பாதியில் நின்றது.

சபை என்ன செய்தது? 418இல் கார்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலேஜியஸின் போதனையைக் கண்டித்தது. 529இல் இன்றைய பிரான்ஸில் உள்ள ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் கிருபை முந்தி வருகிறது என்பதை ஏற்றது. ஆனால் கடவுள் சிலரைத் தீமைக்கென்றே முன்குறித்தார் என்ற பேச்சைச் சபித்தது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஆதாமிடமிருந்து நமக்கு வருவது சாவுதான், குற்றமல்ல என்கின்றன. குழந்தைகள் விஷயத்தில் கத்தோலிக்க சபையே இறங்கி வந்துவிட்டது: ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை வைக்க இடமுண்டு என்று 2007இல் வத்திக்கானின் இறையியல் குழு ஆவணமே வெளியிட்டது.

கொலைகாரன் கேள்விக்கு வருகிறேன். பைபிளில் மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக் கூலிகளின் கதை இருக்கிறது. விடியலில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் ஒரே கூலி, ஒரு தெனாரியம். காலையில் வந்தவன் முணுமுணுக்கிறான். நியாயமான முணுமுணுப்புதான். ஆனால் கடைசியில் வந்தவர்கள் பகலெல்லாம் எங்கே இருந்தார்கள் என்பதைக் கதை சொல்கிறது: சும்மா நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நம் ஊர் முக்குகளில் காலையில் மண்வெட்டியோடு நிற்பவர்களில் பத்து மணிக்கும் மிஞ்சி நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தால் இது புரியும். தெனாரியம் என்பது ஒருநாள் கூலி. அதில் குறைந்தால் அன்றைக்கு வீட்டில் அடுப்புக்குச் சிக்கல். எஜமான் மணிக்கணக்கைப் பார்க்கவில்லை. காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலி ஒரு காசு குறையவும் இல்லை. உங்கள் அப்பாவின் நேர்மைக்கு உரியது வேறொருவருக்குக் கொடுத்ததால் குறைந்துவிடாது. கடைசி நேரத்தில் ஜெபித்தால் போதும், அதுவரை ஆடலாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவோரும் உண்டு. அந்தக் குதர்க்கத்தை அப்போஸ்தலர் பவுலே ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 6ஆம் அதிகாரத்தில் எடுத்து, கூடாது என்று சொல்லியாயிற்று.

மிச்சம் இருப்பது கிறிஸ்துவை அறியாத உங்கள் அப்பா. இதில் கிறிஸ்தவர்களிடம் ஒரே பதில் கிடையாது, அக்காவின் பதில் அவற்றில் ஒன்று. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்து மனச்சாட்சிப்படி வாழ முயன்றவர்களும் மீட்பு அடையலாம் என்று சொன்னது. அந்த முயற்சியும் கிருபையின் தூண்டுதலால்தான் நடக்கிறது என்பது அதன் கணக்கு. அக்கா கத்தோலிக்கர் இல்லை என்று தோன்றுகிறது, இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவரிடம் ரோமர் 2:14ஐப் பற்றிக் கேளுங்கள். நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், இல்லாத புறஜாதியார் (யூதரல்லாதவர்கள்) சுபாவமாகவே அதன்படி செய்வதைப் பற்றிப் பவுல் அங்கே பேசுகிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் கை நீட்டாமல் ஓய்வு பெறுவது அதில் சேருமா என்று கேட்டுப் பாருங்கள். அவரிடம் வேறு வசனம் இருக்கும். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.